ஸூரத்தில் அடித்த வெள்ளி

பழைய வெள்ளிக் காசைத் துலக்கக் கூடாது. படிந்திருக்கும் கறுப்புத்தான் அதற்குக் காவல் என்று நானா சொல்வார்.

என் மூத்த சகோதரர் மர்சூக் நானா அக்குறணையில் மசாலாக் கடை வைத்திருந்தவர். முகலாயர் காலத்துச் செம்புக் காசும் வெள்ளி ரூபாயும் சேர்ப்பார். கணவர் மௌத்தாகி விதவையான பிறகு நான் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். மதினியும் மௌத்தான பின் நாங்கள் இருவர் மட்டுமே.

அந்தக் காசுகளில் அச்சு பெரியது, காசு சிறியது. அடித்த ஊரின் பெயர் பாதி வெளியே போயிருக்கும். மிஞ்சிய எழுத்தைக் கொண்டுதான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். சிறு வயதில் குர்ஆன் ஓதப் பழகிய எங்களுக்கு அந்த எழுத்துகள் அந்நியமல்ல. பின்னேரம் அஸர் தொழுத பிறகு மேசையில் எதிரெதிரே உட்காருவோம். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார். அதற்காகவே நாள் முழுவதும் காத்திருப்பேன்.

மெல்பேர்னில் இருக்கும் அவர் மகன் ஆகிப், தன்னோடு வந்துவிடச் சொன்னான். நானா சம்மதித்தார். வீட்டை விற்பதாகப் பேச்சு. என்னைப் பற்றி யாரும் கெட்டதாக எதுவும் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை.

மறுநாள் நானா ஷாஜஹானின் ரூபாய் ஒன்றை நீட்டினார்.

"ஸூரத். ஸீன் எழுத்துட மூணு பல்லும் வெளங்குது, பாரு தங்கச்சி."

பற்கள் எனக்கும் தெரிந்தன.

"லாஹூர், நானா. நேத்து நீங்கதானே லாஹூர் எண்டு சென்னீங்க. மறந்திட்டீங்களா?"

அவர் சிரித்தார். "அப்ப ஷாஜஹானுக்குத்தான் எழுதத் தெரியல்ல போல."

அடுத்த வாரம் இன்னொரு காசில் நான் மறுத்தபோதும் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. கடைப் பூட்டின் திறப்பை எடுத்து வேறு சட்டைப் பையில் நான் போட்டது இரண்டு மூன்று முறைதான். அதற்குப் பின் தேவைப்படவில்லை. வைத்த இடத்தில் இருக்கும்போதே அவர் தேடத் தொடங்கினார்.

கண்டியில் டொக்டர் கேள்விகள் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் முன் நானா என் முகத்தைப் பார்த்தார். மாத்திரை எழுதித் தந்தார்கள். நேரம் தவறாமல் கொடுக்கிறேன்.

"இந்த நெலமயில வாப்பாவ இங்க எடுக்கேலா மாமி," என்றான் ஆகிப் தொலைபேசியில். "நீங்க இல்லாட்டி அவருக்கு யாரு?"

எனக்கு அழுகை வந்தது. ‘நீங்க இல்லாட்டி’ என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நானாவின் மூளையில் எந்தக் குறையும் இருக்கவில்லை. ஒவ்வொரு காசையும் சரியாகத்தான் சொன்னார். அந்த ரூபாய் ஸூரத்தில் அடித்ததுதான்.

காசுகள் இப்போது அலுமாரியில் கிடக்கின்றன. அவர் கேட்பதில்லை. கதிரையில் உட்கார்ந்தபடி தொழுகிறார். நான் பின்னால் இருந்து பார்த்துக்கொள்கிறேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் என் பக்கம் திரும்புகிறார்.

"தங்கச்சி, நாலு ரக்அத்தும் தொழுதேனா?"

எண்ணி வைத்திருந்து சொல்கிறேன். நான் அல்லாஹ்வுக்குப் பயந்தவள். அதில் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.