இரண்டு பக்கமும்

அந்த மாநாட்டில் காலைத் தேநீரோடு கொடுத்த கறிபாப் நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன். 1986 ஆகஸ்ட், கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல். குழந்தைகளின் எலும்பு அறுவை மருத்துவர்கள் இருநூறு பேர். பத்தரைக்கு நான் பேச வேண்டும். விசாரணைக் குழுவினராகிய உங்களிடம் இதைச் சொல்லக் காரணம், அன்று என் கை நடுங்கவில்லை என்பது தெரிய வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம் கிள்ளானிலிருந்து இராஜம்மா தன் மகளைத் தூக்கிவந்தாள். சீதாலெட்சுமிக்கு நான்கு வயது. இடது தொடையெலும்பு இடுப்புக் குழியில் உட்காரவில்லை. அறுவை அறையில் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டியது நான்தான். புறம் மாற்றி மாட்டிவிட்டேன். வலது இடுப்பைத் திறந்தேன்.

மூட்டில் ஒரு பழுதும் இல்லை.

எதிரே நின்ற தாதி குணபூசணி மெதுவாகக் கேட்டாள்: "டொக்டர், இடக்காலெல்லோ?"

அப்படியே தைத்து மூடியிருக்கலாம். பயிற்சி டாக்டர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. "ரெண்டு பக்கமும் இருக்குது, சிஸ்டர்" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு, பழுதான இடுப்புக்குச் செய்வதுபோல் எலும்பை வெட்டித் திருத்தாமல் விடுவது பொருத்தமாக இராது. வெட்டினேன்.

மூன்று மாதம் கழித்து இடது காலையும் செய்தேன். அது சுத்தமான வேலை.

இரண்டு பக்கமும் பழுது, இரண்டும் சரியானது என்று பேச்சுப் பரவி, மாநாட்டில் பேசச் சொன்னார்கள். மறுத்தால் ஏன் என்பார்கள். வலது இடுப்பு கெட்டிருந்ததற்குப் படம் வேண்டுமே. பழைய எக்ஸ்ரேயில் இடது இடுப்பு உள்ள பாதியை மட்டும் ஸ்லைடாக்கி, அதையே புரட்டி இன்னொன்று செய்தேன். ஓரத்தில் இடது என்று காட்டிய எழுத்தைச் சுரண்டினேன். முதல் தடவை தெரியாமல் புரட்டியது. இது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் சிறுமியை மேடையில் நடக்கவிட்டேன். மஞ்சள் கவுன், புதுச் சப்பாத்து. வலது கால் சற்று இழுத்தது. கைதட்டினார்கள்.

வெளியே இராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வலது கால் நல்ல காலுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன், டாக்டர். பெத்தவ இதக்கூட கவனிக்கலையான்னு மாமியார் ஏசுறாங்க. ஏசட்டும், என் தப்புதான்."

தாய்மாருக்கு இதெல்லாம் தெரியாது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று ஆறுதல் சொன்னேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குணபூசணி உங்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரியும் பொய்யில்லை. எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். வெட்கத்தில் இரண்டு வருடமாகக் கண்ணாடியைச் சரியாகப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வலது கால் இப்போது குட்டையாகிவிட்டது. வருகிற வியாழக்கிழமை அதை நானே சரிசெய்து தருவதாக இராஜம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை எனக்குத் தடை போடாமல் பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தை என் கைக்குப் பழகிவிட்டது. இன்னொருவர் அந்தக் காலைத் திறந்து பார்ப்பது அவளுக்கு நல்லதல்ல.