தலைவரை யாரும் விசாரிக்க முடியாது

நீங்கள் தந்த தேநீர் பரவாயில்லை. எங்கள் செபக்குழுவில் பதினாறு வருடம் தேநீர் ஊற்றியவள் சொல்கிறேன், நம்பலாம். இங்கே மோர்டென்ஸ்ருட் பகுதியில் வாடகைக்கு மண்டபம் பிடிப்பது, கதிரை அடுக்குவது, மைக் பூட்டுவது எல்லாம் இந்த அனஸ்ரேசியாதான். தலைவர் மட்டும் இராசதுரை ஐயா. யாராவது வாய் திறந்தால், "நான் சொன்னாச் சொன்னதுதான். பிள்ளை, நீ தேத்தண்ணியைப் பார்" என்பார்.

இரண்டாயிரத்து நான்கில் நான் பல்கலைக்கழகத்து மாலை வகுப்பில் இடைக்காலத் திருச்சபைச் சட்டம் படிக்கப் போனதும் தேநீர் அலுத்துப்போய்த்தான். அங்கே பெரிய சண்டை ஒன்று: பாப்பரசரை யார் விசாரிப்பது? விசுவாசம் தவறினால் ஒழிய, யாராலும் முடியாது என்றார்கள் அக்காலச் சட்ட அறிஞர்கள். பேதுருவின் ஆசனத்துக்கு மேலே ஆசனம் கிடையாதாம். எனக்கு உடனே இராசதுரை ஐயாவின் பிளாஸ்டிக் கதிரை நினைவுக்கு வந்தது.

ஆனால் பாப்பரசர் தாமாக விலகலாம். 1294இல் ஐந்தாம் செலஸ்தீன் என்ற முதியவர் அப்படி விலகினார். அடுத்து வந்தவர்தான் சுவரில் குழாய் வைத்து, தேவதூதனைப் போல, 'இறங்கு' என்று அவர் காதில் ஓதினார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரமில்லை என்றார் எங்கள் விரிவுரையாளர். ஆதாரம் இல்லாவிட்டால் என்ன, வழி நல்ல வழி.

எங்கள் மண்டபத்தில் குழாயும் தேவையில்லை. ஐயாவுக்குக் காது மந்தம், கேட்கும் கருவி போட்டவர். அப்படிப்பட்டவர்களுக்காக இங்கே தரைக்கடியில் ஒரு கம்பி ஓடும். மைக்கில் பேசினால் நேரே கருவிக்குள் கேட்கும். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டால் மற்றவர்களுக்குக் கேட்காது. அவர் தனியே முழந்தாளிட்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து மைக்கில் 'இறங்கு' என்று கிசுகிசுத்தேன். கிசுகிசுப்பில் ஆண் குரல், பெண் குரல் என்று ஏது? அடுத்த ஞாயிறே கண்ணீரோடு விலகினார். நான் தலைவியானேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு சந்தோசமாக நான் என்றுமே இருந்ததில்லை.

பனி உருகத் தொடங்கியபோது என் முன்னால் வந்து நின்றார். "பிள்ளை, திரும்பி வரலாமெண்டு யோசிக்கிறன். ஆண்டவரிட்டை இன்னொருக்கால் கேக்கப்போறன்."

வஞ்சகத்தால் பெற்ற விலகல் செல்லாது என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர்கள் உண்டு. படித்தவள், எனக்குப் பயம் வராதா? அதோடு, கேட்கிறவருக்குப் பதில் சொல்லாமல் விடுவதும் மரியாதை இல்லை. 'பேதுருவைப் போல ஏரிமேல் நடந்து வா, ஆசனத்தைத் திருப்பித் தருகிறேன்' என்று அவர் செபித்தபோது மறுபடி மைக்கில் கிசுகிசுத்தேன்.

அன்று குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற சின்னராசா அண்ணையும் காதுக் கருவிக்காரர் என்பது எனக்குத் தெரியாது. ஒரு தலைவிக்கு அது குறைதான். "எனக்கும்தான் கேட்டது, முழங்கால் ஏலாதபடியால் போகேல்லை" என்று பொலிசுக்கு, உங்களிடமே வந்து சொன்னாராமே.

ஐயா மண்டபத்துக்குக் கிட்ட உறைந்து கிடந்த ஏரிக்குப் போனார். வெயில் பட்டுப் பனிக்கட்டி மெலிந்திருந்தது. ஏரி நடுவில் உடைந்தது. நான் கரையில்தான் நின்றேன், மறுக்கவில்லை. பக்கத்துக் கம்பத்தில் மிதவை வளையமும் கயிறும் தொங்கின.

பேதுரு மூழ்கத் தொடங்கியபோது ஆண்டவர் கை நீட்டினார் என்று எழுதியிருக்கிறது. ஐயாவும் என்னைக் கண்டு கூப்பிட்டார். ஆனால் 'பிள்ளை' என்று கூப்பிட்டார். 'தலைவி' என்று கூப்பிட்டிருந்தால் யோசித்திருப்பேன்.