துரை தூங்கறான்

ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம் தம்பி! அதுக்கு மூணு கால்தான். நாலாவதை துரை தின்னுட்டான். இப்படி இந்த ஸ்டூல்ல உக்காருங்க, இது இரும்பு. ஆமா, துரைதான். நீங்க கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்களே, அவனேதான். பாக்கலாம், பாக்கலாம், என்ன அவசரம்? பின்ரூம்ல தூங்கறான். தூங்கற ஜீவனை எழுப்பினா பாவம். டீ போட்டுட்டேன், முதல்ல குடிங்க.

விளம்பரம் நான்தான் குடுத்தேன். நல்ல ஜாதி வேட்டை நாய், ரொம்ப சுறுசுறுப்புன்னு போட்டிருந்தேன்ல? அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. ஆனா சுறுசுறுப்புன்னா நீங்க என்னன்னு நினைச்சீங்க? பந்தைத் தூக்கிப் போட்டா எடுத்துட்டு வருவான்னா? அட நீங்க வேற! எங்க வீட்டுக்காரர் என்ன நினைச்சு வாங்கினார்னு கேட்டா நீங்க விழுந்து விழுந்து சிரிப்பீங்க.

உள்ள வரும்போது முன்ரூம்ல மேஜை பாத்தீங்கல்ல? அங்கதான் கடிகாரம் ரிப்பேர் பண்ணுவார். எறும்பு சைஸ்ல ஸ்க்ரூ, அதைவிடச் சின்னதா பல்சக்கரம். நான் தும்மினாக்கூடத் திட்டு விழும். ஊர்ல இருக்கறவங்க வாட்செல்லாம் கிடக்குதே, காவலுக்கு ஒரு நாய் வேணும், ஆனா ஆடாம அசங்காம உக்காரணும்னு தேடிட்டு இருந்தார். நாய் விக்கறவர் வீட்டுக்குப் போனோம். மத்த நாயெல்லாம் குதிக்குது, கத்துது, ஒண்ணு மேல ஒண்ணு விழுது. துரை மட்டும் ஒரு முன்னங்காலைத் தூக்கிட்டு, வாலை நீட்டிட்டு, சிலை மாதிரி நிக்கறான். இவரு அப்படியே உருகிட்டார். என்ன அடக்கம் பாருடி, என்ன பொறுமை பாருடி, என் தொழிலுக்குன்னே பொறந்திருக்கான்னு கையோட வாங்கிட்டார்.

எதிர்ச் சுவத்துல ஒரு புறா உக்காந்திருந்ததை நாங்க ரெண்டு பேருமே கவனிக்கல.

ஆமா தம்பி, அந்த ஜாதியே அப்படித்தானாம். பறவையைப் பாத்தா மூச்சு விடாம நின்னு வேட்டைக்காரனுக்குக் காட்டிக் குடுக்குமாம். எங்களுக்கு யாரு சொன்னா? புறா பறந்துச்சு, துரையும் பறந்தான். கயித்தை இவரு கையில சுத்தி வெச்சிருந்தாரா, இவரும் பறந்தார். அந்த வீட்டுப் பூந்தொட்டியெல்லாம் காலி.

சிரிக்காதீங்க, நாளைக்கு உங்க கதை. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வெளிய கூட்டிட்டுப் போகணும். நடக்கறதெல்லாம் அவன் கணக்குலயே சேராது, ஓடணும். மழையா, காய்ச்சலா, மாமியார் வந்திருக்காங்களா, அதெல்லாம் அவன்கிட்ட செல்லாது. ஒரு நாள் ஓட விடலன்னா அந்தத் தெம்பு எங்க போகும் சொல்லுங்க? மெத்தைக்குள்ள போகும். ஒரு தடவை பேங்குக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், கூடம் பூரா பஞ்சு, நடுவுல துரை. ஒண்ணுமே தெரியாத மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு என்னையே பாக்கறான். அந்த மூஞ்சியைப் பாத்தா திட்டவும் வாய் வராது. அதான் அவன்கிட்ட இருக்கற பெரிய திருட்டுத்தனம்.

அப்புறம் வாசனை. மூக்கு ஏதாவது மோப்பம் பிடிச்சுதுன்னா காது வேலை செய்யாது. நீங்க துரை துரைன்னு தொண்டை கிழியக் கத்துங்க, அவன் பாட்டுக்குப் போயிட்டே இருப்பான். வெளிய கயித்தை மட்டும் கழட்டவே கூடாது.

என்னது, வீட்ல கிளி இருக்கா? கடவுளே! ஏன் தம்பி இதை முதல்லயே சொல்லல? கூண்டுக்குள்ளதானேன்னு சாதாரணமாச் சொல்றீங்க. ஒரு கஸ்டமர், மணிக்கொரு தடவை மரக்குருவி கதவைத் தொறந்து கூவுமே, அந்தக் கடிகாரத்தை ரிப்பேருக்குக் குடுத்திருந்தார். துரை அதுக்கு முன்னாடி காலைத் தூக்கிட்டு நின்னான். குருவி ஒரு தடவை வந்துச்சு, உள்ள போயிருச்சு. மறுபடி எப்ப வரும்னு நின்னது நின்னபடியே காத்திருக்கான் தம்பி. அப்பயும் இவரு, பாத்தியா பொறுமையைன்னு எங்கிட்ட பெருமை அடிச்சுக்கறார். அடுத்த மணி அடிச்சுது. குருவி வெளிய வந்துச்சு. அவ்வளவுதான், துரை வயித்துக்குள்ள போயிருச்சு! நாய் டாக்டர் சிரிச்சுட்டே, தானா வெளிய வரும், காத்திருங்கன்னுட்டார். இவரு ஒரு குச்சியை வெச்சுக்கிட்டு துரை பின்னாடியே சுத்தினார். வந்துச்சு. கழுவி, பெயின்ட் அடிச்சு, ஒட்டிக் குடுத்தோம். குருவி இப்பதான் அழகா இருக்குன்னு அந்தக் கஸ்டமர் சொல்லிட்டுப் போனார். நானும் ஆமான்னு தலையாட்டினேன், வேற என்ன பண்ண?

அதுக்கெல்லாம் நான் விளம்பரம் குடுக்கல. எங்க அக்கா வந்திருந்தா. மக கல்யாணம் பேச வந்தவங்களும் கூட வந்திருந்தாங்க. அக்கா தலைல கொண்டை, அதுல பாதி ஒட்டு முடி. அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். எங்களுக்குத் தெரிஞ்சது துரை மூக்குக்கும் தெரிஞ்சிருக்கு. அவ பின்னாடி போய்க் காலைத் தூக்கி நின்னான். சம்பந்தி அம்மா, நாய் எவ்வளவு மரியாதையா நிக்குதுன்னாங்க. சொல்லி வாய் மூடல, கொண்டை அவன் வாயில இருக்கு. அக்கா இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டுப் போயிட்டா. அந்தக் கோவத்துல விளம்பரம் குடுத்துட்டேன்.

இல்ல, கல்யாணம் நிக்கல. அந்தச் சம்பந்தி அம்மாவும் ராத்திரி தன்னோட ஒட்டு முடியைக் கழட்டி வெச்சுட்டுத்தான் தூங்குவாங்களாம்.

அப்ப உங்களுக்கு இன்னும் ஆசை போகலயா? என்னது, தினமும் காலைல ஓடுவீங்களா? எதுக்கு, யாரு துரத்தறா? உடம்புக்காகவா. சாயங்காலமும் ஓடுவீங்களா? அட ராமா. வீட்டைச் சுத்தி உயரமா சுவர் வேற இருக்கா? கிளியை அம்மா வீட்ல விட்டுருவேன்னு வேற சொல்றீங்க. உங்களை மாதிரி ஒரு ஆள் அமையறது கஷ்டம் தம்பி. துரைக்கு நீங்கதான் சரியான ஆள்.

இருங்க, எந்திரிக்காதீங்க. பின்ரூம்ல அவன் இல்ல.

கோவிச்சுக்காதீங்க. நீங்க பெல் அடிச்சதும் நான்தான் பின்கதவைத் தொறந்து, இவரையும் துரையையும் ஓடுங்கன்னு தொரத்தி விட்டேன். அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல வாய் வரல. நாலு விஷயம் சொன்னா நீங்களே பயந்து ஓடிருவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா ரெண்டு வேளையும் ஓடறவரா இருக்கீங்க.

எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனா கல்யாணம் ஆனதுலேர்ந்து சாப்பாடு ஆச்சா, லைட்டை அணை, இதுக்கு மேல எங்கிட்ட பேசினது கிடையாது. கோவமெல்லாம் இல்ல, சுபாவம் அப்படி. நான்தான் சுவத்துகூடப் பேசிட்டு இருந்தேன். துரை வந்த பிறகு, ஓடிட்டு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம நேரா சமையல்கட்டுக்கு வருவார். இன்னிக்கு இவன் என்ன பண்ணான் தெரியுமான்னு மூச்சு வாங்க ஆரம்பிப்பார். கையைக் காலை ஆட்டி நடிச்சே காட்டுவார். நான் அடுப்பை அணைச்சுட்டு உக்காந்து கேப்பேன். அப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும் தெரியுமா?

நேத்து, நீங்க வர்றீங்கன்னு சொன்னேன். சரின்னார். அதுக்கப்புறம் வாயே தொறக்கல. எனக்கு பயமாப் போச்சு தம்பி.

தூறல் விழுது பாருங்க. தெருக்கோடில பஸ் ஸ்டாப் பக்கத்துல நிக்கறாங்க, நீங்க போகாம வர மாட்டாங்க. குடையும் எடுத்துட்டுப் போகல, நனைஞ்சா இவருக்கு ஆகவே ஆகாது. அதான், அந்த டீயைக் கொஞ்சம் சீக்கிரம் குடிச்சிடறீங்களா?