ஒரு கால் அளவு

தையல்காரர்: கிருமி எதுவாச்சும் இந்த உடம்புக்குள்ள நுழைஞ்சா, காய்ச்சல் அதுக்குத்தான் வரும். எழுதி வெச்சுக்கோ.

மனைவி: எழுதிக்கிறேன். முதல்ல மாஸ்கை மூக்குக்கு ஏத்துங்க. தாடைக்கா சளி பிடிக்கப் போகுது?

தையல்காரர்: மூச்சு முட்டுதுடி... தும்மிக்கிட்டே வந்த அந்தக் கஸ்டமரை வேற வாசல்லயே நிக்க வெச்சு அளவெடுக்கச் சொன்ன. தெருவே வேடிக்கை பார்த்துச்சு.

மனைவி: பார்க்கட்டும். கிட்னிக்குன்னு சாப்பிடற மாத்திரை உங்க எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிடுது. அவர் தும்மினா நீங்க ஆஸ்பத்திரி.

தையல்காரர்: அந்த டாக்டருக்குப் பயமுறுத்தறதே பொழப்பு. ரத்தம் கட்டிக்குமாம்! என் ரத்தம் என்ன, உறை ஊத்தின பாலா?

மனைவி: சிறுநீர்ல புரதம் ஒழுகுறவங்களுக்குக் கட்டும்னாரே... காலை மடக்கி உக்காந்தே இருந்தா இன்னும் சுலபமாம். இன்னிக்கு நடந்தீங்களா?

தையல்காரர்: நாளெல்லாம் மெஷினை மிதிக்கிறேனே, அது போதாதா?

மனைவி: மெஷினுக்கு மோட்டார் போட்டு ரெண்டு வருஷமாச்சு.

தையல்காரர்: சரி சரி, அந்த நூல்கண்டை எடு இப்படி.

மனைவி: கெண்டைக்காலை அளந்தீங்களா?

தையல்காரர்: ஊருக்கே அளவெடுக்கிறவன்டி நான்! தினம் என் காலை நானே அளந்தா, கத்தரிக்கோல்கூட சிரிக்கும்.

மனைவி: அளந்தீங்களா, இல்லையா?

தையல்காரர்: அளந்தேன் தாயே. ரெண்டும் ஒரே அளவு.

மனைவி: நேத்தும் ஒரே அளவு, முந்தாநாளும் ஒரே அளவு. ஒரு நூல்கூடவா வித்தியாசம் வராது?

தையல்காரர்: எப்படி வரும்? பேன்ட்டுக்கு ரெண்டு காலையுமா அளப்பாங்க? ஒண்ணை எடுத்தா இன்னொண்ணும் அதேதான்.

மனைவி: அட கடவுளே! ஒரு கால் மட்டும் பெருத்தா உடனே வாங்கன்னாரே! ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறினா உயிருக்கே ஆபத்துன்னு... எந்தக் காலை அளந்தீங்க?

தையல்காரர்: வலது...

மனைவி: இடதை நீட்டுங்க.

தையல்காரர்: ஏய்... தொடாதே!

மனைவி: வலியா?

தையல்காரர்: கூச்சம்.

மனைவி: இத்தனை வருஷக் குடித்தனத்துல இன்னிக்குத்தான் வந்துச்சாக்கும்!

தையல்காரர்: நீ போய் டீ போடு, போ.

மனைவி: சரி, போறேன்... (அடுப்படியிலிருந்து) என்னங்க, கடையில சத்தத்தையே காணோம்?

தையல்காரர்: அளவெடுக்கிறேன். தொந்தரவு பண்ணாதே.

மனைவி: யாருக்கு?

தையல்காரர்: ஒரு கஸ்டமருக்கு.

மனைவி: எவ்வளவு வருதாம்?

தையல்காரர்: இடது... வலதைவிட ஒன்றரை இஞ்ச் கூட. அடியே... காலையிலேர்ந்து வலிக்குதுடி. கொஞ்சம் எண்ணெய் போட்டுத் தேய்ச்சு விடறியா?

மனைவி: தேய்க்கவே கூடாது, கட்டி நகர்ந்துடும்! காலை அசைக்காம உக்காருங்க, ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி தெருமுனைக்கு வந்தாச்சு. நீங்க வாசல்லேர்ந்து நொண்டிக்கிட்டு உள்ள வந்தப்பவே டாக்டருக்கும் டிரைவருக்கும் சொல்லிட்டேன்... எங்கயும் எழுந்து ஓடிடக் கூடாதேன்னுதான் இவ்வளவு நேரம் வாயைக் கிளறிக்கிட்டிருந்தேன்.