எல்லாருக்கும் ஒரே வரிசை

வரிசையில் குறுக்கே புகுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. உங்களுக்கும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலைக்கு மனுப் போட்ட இடத்திலெல்லாம் யாரோ ஒருவரின் மச்சான் எனக்கு முன்னால் உள்ளே போனான். வெளியே காத்திருக்கும் அப்பா, "நமக்குச் சொல்ல ஆள் இல்லம்மா" என்பார். ஆள் இல்லாமலேதான் இந்த வேலைக்கு வந்தேன். அதனால் தலைகுனிந்து பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் சமூக வலைத்தளத்துக்கு முதலாளி கிடையாது. சின்னதும் பெரியதுமாக நிறைய சர்வர்கள். ஒன்றில் எழுதினால் மற்றதற்கும் போய்ச் சேரும். எங்கே கூட்டம் கூடுகிறதோ, அங்கிருந்து ஆட்களைப் பிரித்து வேறு சர்வருக்கு மாற்றுவது என் பொறுப்பு.

கணவன் அடிப்பதை எழுதும் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் பேனா அக்கா. நாலு வரி எழுதினால் போதும், பதில்கள் வந்து குவியும், மற்றவர்களுக்குப் பக்கமே திறக்காது. என்னோடு வேலை பார்க்கும் தாடிக்காரர், "அக்கா தும்மினா நம்ம மெஷினுக்குச் சளி பிடிக்குது" என்று சிரிப்பார். நான் சிரிக்கவில்லை. அக்காவைப் பழைய, சின்ன சர்வருக்கு மாற்றினேன். நெரிசல் வந்தால் அங்கிருந்து வருபவை கடைசியில்தான் வெளியே போகும். அப்படித்தான் அமைத்திருந்தேன்.

"ஏன் தங்கச்சி, என்னை மட்டும் ஒதுக்குற?"

"ஒதுக்கலக்கா. சுமையைப் பிரிக்கிறேன்."

ஒரு நாள் மதியம் கால்பந்து இறுதிப் போட்டி. எல்லா சர்வரும் திணறிக்கொண்டிருந்தன. அக்காவின் பதிவு வரிசையின் கடைசியில் வந்து நின்றது. "குளியலறைக்குள்ள பூந்து தாழ் போட்டுக்கிட்டேன். கதவை உடைக்கிறாரு. சிம்மை ஒடச்சிட்டாரு, வைஃபை மட்டும் இருக்கு. யாராவது வாங்க."

கூடவே எனக்குத் தனியாக ஒன்று; நிர்வாகிகளுக்கு எழுதுவது வரிசையில் நிற்பதில்லை. "தங்கச்சி, இத மட்டும் கொஞ்சம் முன்னாடி தள்ளி விடும்மா. ரெண்டு தெரு தள்ளியே நான் எழுதறதப் படிக்கறவங்க இருக்காங்க."

படித்தேன். ஒரு பொத்தானைத் தட்டினால் போயிருக்கும். ஆனால் அதற்குப் பெயர் சிபாரிசு.

"எல்லாருக்கும் ஒரே வரிசைதான்க்கா" என்று பதில் போட்டேன்.

"தாழ்ப்பாள் கழண்டு வருதும்மா."

கோல் போட்ட சந்தோஷத்தில் ஊரே எழுதிக்கொண்டிருந்தது, அவர்களும் காத்திருந்துதான் எழுதினார்கள். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அக்காவின் முறை வந்தது. பதிவு ஓர் எழுத்துக் குறையாமல் போய்ச் சேர்ந்தது. ஓடி வந்தவர்கள் உடைந்த கதவையும் ஈரத் தரையில் கிடந்த அக்காவையும்தான் பார்த்தார்கள்.

கொன்றவன் அவன். நான் யாருக்கும் சலுகை காட்டவில்லை, அவ்வளவுதான். தாடிக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அன்று ஒரு சர்வர்கூட விழவில்லை.

மறுநாள் குழுவின் சார்பில் நான்தான் இரங்கல் எழுதினேன். அப்போதும் நெரிசல், எல்லாரும் அக்காவைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார்கள். என் இரங்கலை மட்டும் வரிசைக்கு முன்னால் எடுத்து அனுப்பினேன். அவசரம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா.