மூன்று வினாடிக்கு ஒருமுறை

எனக்குக் கூட்டம் ஆகாது ஐயா. கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் நெரிசல் என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததில்தான் ஏறுவேன். நிதானமாகவே சொல்கிறேன், வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் இரும்பு ஆலையில் நான்கு கிரேன்கள், எல்லாம் வயர்லெஸ். அந்த வயர்லெஸைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஓட்டுகிறவர் கையில் ரிமோட். கீழே கொக்கி மாட்டுகிற ஹெல்பரின் இடுப்பில் ஒரு சிவப்புப் பட்டன், ஆபத்தென்றால் கிரேனை நிறுத்த. ஆனால் அந்த இரைச்சலில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அதனால் எங்கள் ஹெல்பர்கள் எல்லாவற்றுக்கும் சிவப்பையே அமுக்குவார்கள். கொஞ்சம் இரு என்றாலும் சிவப்பு, டீ வந்துவிட்டது என்றாலும் சிவப்பு. நான்கு ரிமோட், நான்கு பட்டன் என்று எட்டுக் கருவிகளும் ஒரே அலைவரிசையில் முண்டியடித்தால் சிக்னல் அறுந்துவிடும். அறுந்தால் நான்கு கிரேனும் நின்றுவிடும். ஒரே ஷிப்டில் பதினான்கு முறை நின்றது.

"தணிகாசலம், இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா நீ ஊட்டுலயே இருந்துக்கோ" என்றார் மேனேஜர் ஆதிகேசவன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு கம்பெனிகள் மூடி, மூன்றாவதாக வந்த இடம். இந்த வயதில் இனி எவன் எடுப்பான்? பயந்து செத்தேன் ஐயா. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் மாற்றினேன். ஓட்டுகிற உத்தரவு மட்டும் நேரே போகும். மற்ற செய்திகளையெல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து மூன்று வினாடிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். சிவப்புப் பட்டனையும் அந்தக் கட்டிலேயே போட்டேன். டீக்கு அமுக்குவதற்கெல்லாம் தனி வழி எதற்கு? யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் சிக்னல் அறுந்து கிரேன் நிற்கவே இல்லை. மேனேஜர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் ஹெல்பர் பென்னி கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான். கம்பி அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்ற ஓட்டுநருக்கு அவன் தெரியவில்லை. தூக்கிய கம்பிக்கட்டு அவனை நோக்கி வந்தது. மூன்று வினாடியில் அது எவ்வளவு தூரம் வரும் என்று நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். இரண்டு மீட்டர். ஆள் நகர்ந்துகொள்வான் என்று நினைத்தேன். பென்னிக்குப் பின்னால் சுவர் இருந்தது.

அடக்கம் முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். மனைவி பிரின்சி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"எதுக்கெடுத்தாலும் பட்டன அமுக்கிக்கினே இருக்கான்னு நீங்கதானண்ணா அவர திட்டுவீங்க. அன்னிக்கி மட்டும் ஏன் அமுக்கல?"

"மறந்துட்டான்மா" என்றேன்.

ஏழு முறை அமுக்கியிருந்தான் ஐயா. கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பதிவை, விசாரணைக்கு ஆள் வருவதற்குள் நான்தான் அழித்தேன். அந்த நிலையில் அந்தப் பெண்ணை மேலும் நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.