உரித்த எழுத்தின் பசை

காரில் ஒட்டிய ஸ்டிக்கரை எடுக்க நகத்தை வைக்கக்கூடாது, கண்ணு. பிளேடு ஆகவே ஆகாது. வெந்நீரில் நனைத்த துணியை மேலே போட்டு, பசை இளகும்வரை பொறுத்திருந்து, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். காபியைக் குடி, ஆறிவிடும். நீ கேட்க வந்ததற்கும் இதுதான் பதில்.

என் மகள் புவனாவுக்கு முதலில் நிச்சயித்த பையன், கிணற்றில் மோட்டார் இறக்கப் போய்ச் செத்தான். அன்றிலிருந்து மதுக்கரையில் அவளுக்கு ராசியில்லாதவள் என்றுதான் பெயர். வருஷக்கணக்கில் வீட்டோடு கிடந்தாள். பிறகு கொடுமுடியிலிருந்து வரன் வந்தது. எல்லாம் தெரிந்தே கட்டினார்கள். ஆனாலும் முகூர்த்தம் முடிந்ததும் சம்பந்தியம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு சாவு இவ பேர்ல சேந்துச்சுன்னா, புள்ளைய இங்கயே கொண்டாந்து உட்டுப்போடுவோமுங்க."

கல்யாணத்துக்கு மில்காரர் கோவிந்தராஜுலு தன் கறுப்புக் காரை இரவல் கொடுத்திருந்தார். "பெயிண்ட்டுல ஒரு கீறல் உழுகாம வரோணுமுங்க" என்றார். டிக்கியில் புவனா பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் பெரிய சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தோம்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொடுமுடியில் விட்டுவிட்டு டிரைவர் சீனிவாசலு திரும்பியபோது வீட்டில் நான் மட்டும்தான். தாலியறுத்தவள் அங்கே போய் முன்னால் நிற்க வேண்டாமென்று தங்கிவிட்டேன். உன் அப்பா நஞ்சப்பன் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மூங்கில் வழுக்கியது. ஆட்டுக்கல்மேல் தலை பட விழுந்தார்.

சீனிவாசலு ஓடிப்போய் அவரை நிமிர்த்தினான். "அம்மா, வண்டிக் கதவத் தொறங்க. உக்கடம் தாண்டுனா ஆஸ்பத்திரிங்க."

நான் டிக்கியைத்தான் பார்த்தேன். என் மகள் பெயர் எழுதிய வண்டிக்குள் ஒரு உயிர் போனால் அது யார் கணக்கில் சேரும், நீயே சொல்.

"பேர எடுத்துப்போட்டு ஏத்தலாம் சாமி" என்றேன்.

"அப்பிடின்னா தின்னர் ஊத்துறனுங்க. ஒரு நிமிசத்துல போயிரும்."

"பெயிண்ட்டும் சேந்து போயிரும். அடுத்தவங்க வண்டி."

அடுப்பில் தண்ணீர் வைத்தேன். நான் அவசரப்பட்டால் தண்ணீர் கொதித்துவிடுமா. உன் அப்பா கண்ணைத் திறந்து, "தாகமா இருக்குதுங்க அம்மணி" என்றார். தலையில் அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பார்கள். கொடுக்கவில்லை. அவ்வளவு நிதானத்தோடுதான் இருந்தேன்.

எழுத்துகள் கிழியாமல் வந்தன. "வந்துருச்சுங்க, போலாமுங்க" என்றான் சீனிவாசலு. நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். எழுத்து இருந்த இடத்தில் பசை அதே வடிவத்தில் நின்றது. கறுப்பு வண்டி, போகிற வழியில் புழுதி படிந்தால் புவனா என்று முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். தேங்காயெண்ணெயைத் தடவி ஊறவிட்டேன். அழுத்தாமல், விரல் நுனியால் வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். பிறகு ஷாம்பூத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். அதைவிட வேகமாக அந்த வேலையை யாராலும் செய்ய முடியாது.

அவன் ஏன் வண்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை என்கிறாய். அவன்மேல் குற்றமில்லை, கண்ணு. சாவி என் இடுப்பில் இருந்தது. அவன் உன் அப்பாவைத் தூக்கப் போனபோதே வண்டியிலிருந்து எடுத்துச் செருகிக்கொண்டேன். காலில் விழுந்து கேட்டுப் பார்த்தான். அப்புறம் ரோட்டுக்கு ஓடினான். முகூர்த்த நாள், போகிற வண்டியெல்லாம் கூட்டம், ஒன்றும் நிற்கவில்லை.

மறுநாள் கோவிந்தராஜுலு காரை வெயிலில் நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒட்டின அடையாளமே இல்லையே என்றார்.

நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து உரிந்தபோது மூச்சு இருந்தது. பசை போனபோது இல்லை. கடைசியில் சீனிவாசலு மறித்துக் கூட்டிவந்த சிமெண்ட் லாரியில்தான் உன் அப்பா உங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தக் காரில் அவரை ஏற்றவே இல்லை. புவனா பேரில் இன்றுவரை இன்னொரு சாவு சேரவில்லை, கண்ணு.